தொட்டிலும் மருந்துப் புட்டியும்

மன்னர்கள் முடிசூடியதும் மடிந்ததும், கோட்டைகள் எழுந்ததும் இடிந்ததுமே சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். ஆறு வாரத்துப் பச்சிளங் குழந்தை விளக்கேற்றும் வேளையில் கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்க வீறிட்டு அழுதபோது அதன் வாயில் எதை ஊற்றினார்கள் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. அச்சரித்திரத்தில் மாண்டவர் பலர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை, பெயரும் இல்லை. அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தாய்ப்பால் மட்டுமே அருந்தி வளரும் குழந்தை, பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரம் முதல் வயிறு உப்பியதுபோல் முக்குவதும், குடித்த பாலைக் கக்குவதும், மாலைப்பொழுதில் எதனாலும் தேறாமல் அழுவதும் எல்லா நாடுகளிலும் உள்ளதே. நம் பாட்டிமார் இதனை மாந்தம் என்றனர். ஆங்கிலேயர் கோலிக் என்றும் கிரைப் என்றும் பெயரிட்டனர். பெயர் எதுவாயினும் துன்பம் ஒன்றே. அத்துன்பத்திற்கு உலகம் தேடிய மருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். எந்தச் சமூகத்தில் தாயின் நேரம் அவளிடமிருந்து பறிக்கப்பட்டதோ, அந்தச் சமூகத்தில்தான் மருந்துப் புட்டி தொட்டிலுக்குள் நுழைந்தது.

அடக்கியோரும் காரணம் கேட்டோரும்

அழும் குழந்தையை இருவகையாகப் பார்க்கலாம். அழுகையை அடக்க வேண்டும் என்பது ஒரு வகை. அழுகையின் காரணத்தை அறிய வேண்டும் என்பது மற்றொரு வகை. இவ்விரண்டும் மிகப் பழமையானவை.

கி. மு. 1550-ஐ ஒட்டி எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் எனும் வைத்திய ஏட்டில், ஓயாது அழும் குழந்தைக்கு ஒரு மருந்து கூறப்பட்டுள்ளது. கசகசாச் செடியினுடையது என்று அறிஞர் பலர் கருதும் ஒரு பொருளை ஈயின் எச்சத்தோடு கலந்து வடிகட்டிக் கொடுக்க வேண்டுமாம். கசகசாக் காயின் பாலே அபின். ஆகவே குழந்தையை மயக்கி உறங்கவைக்கும் வழக்கத்திற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது இருக்கக்கூடும்.

கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் புரிந்த சொரேனஸ் என்பவர் மாறுபட்ட வழியில் சென்றார். குழந்தை அழுதால் உடனே பசி என்று முடிவு செய்யாதீர்கள். சுற்றிய துணி இறுக்குகின்றதா, பூச்சி கடித்ததா, குளிரா, வெப்பமா, வயிறு மிஞ்சி நிறைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று அவர் செவிலியர்க்கு அறிவுறுத்தினார். எளிய அறிவுரைதான். ஆயினும் அதனைப் பின்பற்ற ஒருவருக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று பொறுமை, மற்றொன்று நேரம். மருந்தை ஊற்றுவதற்கோ ஒரு கரண்டி போதும். இவ்வேற்றுமையே பின்வந்த சரித்திரத்தை நடத்திச் சென்றது.

நம் தமிழ்நாட்டிலும் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் எனும் சித்த வைத்திய நூல் உண்டு. மாந்தத்தை அது பல வகையாகப் பிரித்துக் கூறும். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாவில் தடவுவது உரைமருந்து. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் வழங்குகின்றது. கப்பலேறி மலாயா வந்த தாய்மார் இம்முறையையும் உடன் கொண்டுவந்தனர். இதன் நன்மை தீமைகளைப் பிறகு கூறுவோம்.

சதுப்பு நிலத்துக் குழந்தைகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்தில் ஃபென்ஸ் என்று ஒரு சதுப்பு நிலம் உண்டு. கொசுவும் குளிர்காய்ச்சலும் மலிந்திருந்த பூமி அது. அக்காய்ச்சலின் நடுக்கத்தைத் தணிக்க அம்மக்கள் கசகசாக் காயை வேகவைத்த நீரைப் பருகினர். அபினை மருந்துக்கடையில் உப்பு வாங்குவதுபோல் வாங்கினர். சதுப்பை வடித்துக் கழனியாக்கியபின் அங்கே வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. பெண்களும் சிறுவர்களும் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்டு, ஒரு மேஸ்திரியின் கீழ்ப் பல மைல் நடந்துசென்று களை பறித்தனர். கங்காணி முறையை அறிந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

வயலுக்குச் சென்ற தாயின் கைக்குழந்தை யாரிடம் இருந்தது? வேலை செய்ய முடியாத ஒரு கிழவியிடம். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால் அக்கிழவி என்ன செய்வாள்? காட்ஃப்ரே பானகம் எனும் மருந்தைக் கொடுப்பாள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விற்கப்பட்டுவந்த இம்மருந்து, வெல்லப்பாகில் அபினைக் கரைத்துச் செய்யப்பட்டது. வயிற்று நோவுக்கும் கழிச்சலுக்கும் பல் முளைக்கும் தொல்லைக்கும் நல்லது என்று சொல்லி விற்றனர். புட்டியைக் குலுக்காமல் வைத்தால் அபின் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள மருந்தில் வலு இராது. அடிமண்டியை அருந்திய குழந்தை மீண்டும் கண் விழிக்காமற் போவதும் உண்டு. சாகாமல் தப்பிய குழந்தைக்கு மயக்கத்தில் பசி தெரியாது. பசி தெரியாத குழந்தை பால் கேட்டு அழாது. அழாத குழந்தைக்குப் பால் கிடைக்காது. இவ்வாறு மெலிந்து மாண்ட குழந்தைகளின் சாவுக்கு ‘பலவீனம்’ என்றே பதிவேட்டில் காரணம் எழுதினர்.

கிராமத்துக் காற்று தூய்மையானது. ஆதலால் அங்கே குழந்தைகள் நன்கு வாழும் என்பது அக்காலத்து அறிஞரின் எண்ணம். ஆனால் ஃபென்ஸ் நாட்டின் சில பகுதிகளில் குழந்தைச் சாவு புகைமண்டிய ஆலை நகரங்களுக்கு நிகராக இருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியான ஜான் சைமன், இதன் காரணத்தை விசாரிக்க டாக்டர் ஹென்றி ஜூலியன் ஹன்டரை அனுப்பினார். 1864-இல் வெளிவந்த ஹன்டரின் அறிக்கை மூலத்தைத் தொட்டது: தாயைக் கூட்டத்தோடு வயலுக்கு ஓட்டியதும், குழந்தையை அபினோடு வீட்டில் விட்டதுமே அச்சாவுகளுக்குக் காரணம்.

நகரத்திலும் இதே கதைதான். நாட்டிங்காம் லேஸ் பின்னல் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். சிறுவர் தொழில் பற்றி விசாரித்த அரசாங்கக் குழு 1843-இல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே வீட்டிலிருந்தே ஊசிவேலை செய்த தாய்மார்கள் கைக்குழந்தைக்குப் பானகத்தைக் கொடுத்து உறங்கவைத்த செய்தி பதிவாகியுள்ளது. குழந்தை அருகிலேயே கிடந்தது. தாயும் அருகிலேயே இருந்தாள். ஆயினும் அவள் கை அவளுடையதாக இல்லை. ஊசியை நிறுத்தினால் கூலி நிற்கும். கூலி நின்றால் அடுப்பு எரியாது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பாலகோலி எனும் அபின் உருண்டையைத் தம் மக்களுக்குக் கொடுத்ததும் இக்காரணம் பற்றியே. அத்தாய்மாரைக் கொடியவர் என்று எவரும் தூற்றற்க. அவர்கள் முன் இருந்தது அபினா பட்டினியா என்ற கேள்வி.

நாட்டிங்காம் புட்டி

அதே நாட்டிங்காம் நகரில் 1851-இல் வில்லியம் உட்வர்ட் எனும் மருந்துக்கடைக்காரர் ஒரு புது மருந்தை ஆக்கினார். சதுப்பு நிலத்துக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குத் தரப்பட்ட ஒரு கலவை வயிற்று நோவையும் தணித்ததாக அறிந்து, அதனை ஒட்டி இதனைச் செய்தார் என்பர். 1876-இல் கிரைப் வாட்டர் என்ற பெயரை வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்தார். கிரேக்கர் கதையில் வரும் ஹெர்க்குலிஸ் குழந்தையாய் இருக்கையிலே பாம்பைப் பிடித்து நெரிக்கும் படம் அதன் முத்திரை. அப்படத்தையும் புட்டியையும் அறியாத தமிழ்க் குடும்பம் இந்தியாவிலும் மலாயாவிலும் அரிது.

அதனுள் இருந்தது யாது? சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, நீர், மதுசாரம். அபின் இல்லை, அவ்வளவில் அஃது பெரிய முன்னேற்றமே. சதகுப்பை நம் பாட்டிமாரின் அஞ்சறைப் பெட்டிக்குப் புதியதன்று. சீமைப் புட்டியில் ஏறி வந்தமையால் அதற்கு மதிப்புக் கூடிற்று. மதுசாரத்தின் அளவோ 3.6 சதவிகிதம்; மெல்லிய பீர் மதுவுக்கு ஒப்பான வலு அது. இனிப்பு நாவுக்கு இதமாயிற்று, மது உறக்கம் தந்தது, குழந்தை அமைதியுற்றது, தாய் வாழ்த்தினாள்.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் நின்று மறியல் செய்தனர். தொழிலாளியின் கூலியைக் கள் விழுங்குகின்றது என்று அவர்கள் முழங்கியது முற்றிலும் நியாயம். ஆனால் தகப்பன் கள்ளை விட்டொழித்த வீட்டிலும் மகவின் வாயில் மது கரண்டி கரண்டியாக இறங்கியதை எவரும் கவனிக்கவில்லை. மேலே ஒட்டிய தாளில் எழுதியிருந்தது ஆங்கிலம். கொடுக்கச் சொன்னவர்கள் மதிப்புக்குரிய பெரியோர். பல தலைமுறைகள் கடந்து, 1990-களின் தொடக்கத்தில்தான் பிரிட்டனில் அம்மருந்திலிருந்து மதுசாரம் நீக்கப்பட்டது. 1993-இல் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டுக் கிரைப் வாட்டரைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்த ஆணையிட்டது.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1849 முதல் அங்கு விற்கப்பட்ட வின்ஸ்லோ அம்மையார் சாந்தி மருந்து என்பதன் ஒவ்வோர் அவுன்சிலும் 65 மில்லிகிராம் மார்பின் இருந்தது. தாயும் சேயும் சிரிக்கும் வண்ணப்படங்களோடு அதனை விளம்பரம் செய்தனர். மருந்தினுள் இருப்பதைப் புட்டியின் மேல் எழுதவேண்டும் என்று 1906-இல் சட்டம் வந்தபிறகே உண்மை வெளிப்பட்டது. 1911-இல் அமெரிக்க வைத்தியர் சங்கம் அதனைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் வைத்துக் கண்டித்தது.

மற்றொன்றும் உண்டு. வயிற்றைக் கழுவிவிட்டால் குழந்தை சுகமடையும் என்ற நம்பிக்கையில், பல் முளைக்கும் பருவத்திற்கெனச் சில பொடிகள் விற்கப்பட்டன. அவற்றில் இருந்தது காலமல் எனும் பாதரச உப்பு. அப்பொடி தின்ற குழந்தைகளுள் சில, கைகால்கள் இளஞ்சிவப்பாக வீங்கி, வெளிச்சம் கண்டால் கூசி, பல்லும் மயிரும் உதிர்ந்து வருந்தின. இந்நோயின் காரணம் பாதரசமே என்பதை வார்க்கனி, ஹப்பர்ட் எனும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1948-இல் எடுத்துக்காட்டினர். 1950-களின் நடுவில் பிரிட்டிஷ் பொடிகளிலிருந்து பாதரசம் அகன்றது. அகன்றதும் அந்நோயும் மறைந்தது.

கடிகாரம் பார்த்துப் பால்

புட்டியில் வந்த தீமையைக் கண்டோம். அறிவுரையாக வந்த தீமையும் ஒன்று உண்டு. டாக்டர் வில்லியம் கடோகன் 1748-இல் எழுதிய நூலில், குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றாதீர்கள், தாயே பால் கொடுங்கள் என்று நல்லன பல சொன்னார். அதே நூலில், நாளைக்கு நான்கு முறை பால் போதும். இரவில் கூடாது என்றும் விதித்தார். நியூசிலாந்தில் 1907-இல் பிளங்கெட் சங்கத்தை நிறுவிய டாக்டர் டுரூபி கிங், நான்கு மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்கும் முறையைப் பரப்பினார். அவர் கொள்கை பேரரசின் பல நாடுகளிலும் தாய்மார்க்குப் பாடமாயிற்று. இடையில் அழும் குழந்தையைத் தூக்கினால் அது கெட்டுப்போகும் என்றனர்.

இதன் பிழையை விளக்கிய ஆராய்ச்சி 1988-இல் வெளிவந்தது. வுல்ரிட்ஜ், ஃபிஷர் எனும் இருவர் கூறியது இது: ஒரு மார்பில் குழந்தை பருகத் தொடங்கும்போது பாலில் கொழுப்புக் குறைவு, பருகப் பருகக் கொழுப்பு மிகும். ‘இத்தனை நிமிஷம் இந்தப் பக்கம், இத்தனை நிமிஷம் அந்தப் பக்கம்’ என்று கடிகாரத்தைப் பார்த்து இடையில் மாற்றினால், குழந்தையின் வயிற்றில் நீர்த்த பாலே நிறைகின்றது. அது விரைவில் குடலுக்குள் இறங்குகின்றது. அதிலுள்ள பாற்சர்க்கரை முற்றும் செரியாமல் குடலில் புளித்து வாயுவாகின்றது. மலம் பச்சையாய், நுரையாய்ப் போகின்றது. குழந்தை முக்கி அழுகின்றது. இதற்கு மருந்து வேண்டுவதில்லை. ஒரு பக்கத்துப் பாலைக் குழந்தை தானே விடும்வரை பருகவிட்டு, பிறகு அடுத்த பக்கம் கொடுத்தால் பலருக்குப் போதும்.

பால்மரக் காட்டில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்கு ஆள் கூடிய காலத்தில், தாய் தன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு நிரைக்குப் போனாள். மரத்தின் பாலைச் சொட்டும் சிந்தாமல் வாளியில் சேர்த்தவளின் மார்பில் பால் கட்டிக் கனத்தது. கொட்டகையில் அழுத குழந்தைக்கோ சர்க்கரை கலந்த டின் பாலும், ஆயாவின் தாலாட்டும், எவரேனும் கொடுத்த கரண்டி மருந்தும் கிடைத்தன. தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதும் நமக்குத் தெரியும்: நாள் கூலியின் கணக்கில் அரைநாளுக்கும் முழுநாளுக்கும் கட்டம் உண்டு, குழந்தைக்குப் பால் கொடுத்த அரைமணிக்குக் கட்டம் கிடையாது.

இந்நிலையை மேடையேறிச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயப் பெண் டாக்டர். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஆப்பிரிக்காவில் பணியாற்றிவிட்டு 1936-இல் மலாயா வந்தார். சிங்கப்பூரில் சர்க்கரைப் பாலின் வியாபாரம், தாய்ப்பால் கொடுக்கக்கூடிய தாய்மாரையும் அதனை விட்டுவிடச் செய்வதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். பொருந்தாத பாலைக் குழந்தைக்கு உகந்தது என்று பிரசாரம் செய்து அதனால் குழந்தை இறக்குமாயின், அதனைக் கொலை என்றே கருத வேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். கேட்டவர்கள் நகரத்து வர்த்தகர்கள்!

ஜப்பானியர் ஆட்சியில் அவர் சிறைப்பட்டு, சாங்கியில் அடைபட்டிருந்தார். சிறைக்குள் டின் பாலும் இல்லை, புட்டியும் இல்லை. அக்காலத்தில் 20 குழந்தைகள் பிறந்தன. 20-ம் தாய்ப்பால் அருந்தின. 20-ம் உயிர் பிழைத்தன என்று அவரே பிற்காலத்தில் எடுத்துச் சொன்னார். உணவே அரிதான சிறையில் பிழைத்தது எப்படி? தாய் சிறையிலிருந்தாலும் குழந்தை அவள் மடியிலிருந்தது. 1948-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தாய் சேய் நலப் பகுதிக்கு அவரே முதல் தலைவரானார்.

விஞ்ஞானம் கண்டது

அப்படியானால் தாய்ப்பால் பருகும் ஆரோக்கியமான குழந்தை ஏன் அழுகின்றது? 1954-இல் டாக்டர் மோரிஸ் வெசல் என்பவர், நாளில் மூன்று மணிக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்திற்கு மேல் அழுதால் கோலிக் என்று வரையறுத்தார். 1962-இல் டாக்டர் பிரேசல்டன், தாய்மார்களைக் கொண்டு அழுகையை நாள்தோறும் குறித்துவைக்கச் செய்தார். நோயற்ற குழந்தைகளும் பிறந்த சில வாரங்களில் அழுகை மிகுந்து, ஆறாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு தணிகின்றன என்பது தெரிந்தது. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் இது தானே நீங்கிவிடுகின்றது. தாய்ப்பால் பருகினும் புட்டிப்பால் பருகினும் இது வரும். ஆகவே இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது வீண்.

இவ்வுண்மையைக் கொண்டு பழைய மருந்துகளைப் பார்த்தால் ஒரு புதிர் அவிழ்கின்றது. உரைமருந்து, கிரைப் வாட்டர், ஓமத்திரவம், மந்திரித்த கயிறு, கண்ணேறு கழித்தல் ஆகிய யாவும் ‘பலித்தது’ ஏன்? ஆறாம் வாரத்தில் கவலை முற்றி எதைத் தொடங்கினாலும், மூன்றாம் மாதத்தில் அழுகை நின்றே தீரும். மருந்தால் போயிற்று என்று நம்பியது மாதத்தால் போயிற்று. பாட்டி பொய் சொல்லவில்லை. அவள் கண்டதைச் சொன்னாள். கண்டதற்குக் காரணம் வேறு.

செய்யத்தக்கது யாது?

ஆராய்ச்சியில் தேறியவற்றைச் சுருங்கக் கூறுவோம். பால் கொடுக்கும்போது குழந்தை மார்பை நன்கு கவ்வியிருக்க வேண்டும். காம்பை மட்டும் பற்றினால் காற்றை விழுங்கும். பருகியபின் தோளில் நிமிர்த்திச் சிறிது நேரம் வைத்துக்கொள்ளலாம். அணைப்பும் அசைவும் நல்லவை. 1986-இல் ஹன்சிக்கர், பார் எனும் ஆராய்ச்சியாளர், நாள்தோறும் அதிக நேரம் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவிகிதம் குறைவாக அழுததைக் கண்டனர். கோலிக் முற்றிய குழந்தைக்கு இஃது அவ்வளவு பயன் தருவதில்லை என்று பின்வந்த ஆராய்ச்சி கூறினும், தூக்குவதால் குழந்தை கெட்டுவிடும் என்ற அச்சம் பொய்யாயிற்று. தாய்ப்பால் மட்டும் பருகும் குழந்தை ஒருநாளில் பலமுறை மலம் கழிக்கலாம். ஆறு வாரத்திற்குப்பின் சில நாளைக்கு ஒருமுறையும் கழிக்கலாம். மலம் இளகியிருந்து, குழந்தை நன்கு பருகி எடை ஏறினால் அஞ்ச வேண்டாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடவும் வேண்டாம்.

தாயின் பத்தியத்திற்கு வருவோம். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஜேக்கப்சன், லின்ட்பர்க் இருவர், தாய் பருகும் பசுவின் பாலிலுள்ள புரதம் தாய்ப்பால் வழியே சென்று சில குழந்தைகளை வருத்துகின்றது என்று 1978-இலும் 1983-இலும் காட்டினர். ஆகவே பத்தியம் முழுவதும் மூடநம்பிக்கையன்று. எனினும் அது சிலருக்கே பொருந்தும். டாக்டரைக் கலந்து இரண்டு வாரம் பசுவின் பாலை விலக்கிப் பார்க்கலாம். பயனில்லையேல் மீண்டும் உண்ணலாம். காய்கறி, பருப்பு, பழம் யாவற்றையும் விலக்கிப் பிள்ளை பெற்றவளைப் பட்டினியிடுவது எந்த ஆராய்ச்சிக்கும் ஒவ்வாது. நன்மைசெய் நுண்ணுயிர்த் துளிகளுள் லேக்டோபாசில்லஸ் ரியூட்டரி எனும் ஒருவகை தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு ஓரளவு உதவுகின்றது என்று 2007 முதல் நடந்த சோதனைகள் கூறும். அதனையும் டாக்டரிடம் கேட்டே கொடுக்கலாம்.

விலக்க வேண்டியவையும் உண்டு. வசம்பில் உள்ள அசரோன் எனும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் தந்தமையால், 1968-இல் அமெரிக்கா அதனை உணவுப் பொருள்களில் தடைசெய்தது. குழந்தையின் நாவில் அதனைத் தடவ வேண்டா. தேனில் ஒருவகை நச்சுக் கிருமியின் வித்து இருக்கக்கூடும் என்பது 1970-களில் தெரியவந்தது. ஆதலால் ஓராண்டு நிறையுமுன் தேன் கூடாது. வயிற்று வலிக்குக் கொடுக்கப்பட்ட டைசைக்ளோமின் எனும் மருந்து சில குழந்தைகளின் மூச்சை நிறுத்தியதால், 1980-களின் நடுவில் ஆறு மாதத்துக்குட்பட்டோர்க்கு விலக்கப்பட்டது. மருந்துக்கடையில் ‘வாயுவுக்கு’ என்று விற்கும் சிமெத்திகோன் துளிகள் வெறும் நீரைவிட மேலல்ல என்று 1994-இல் கண்டனர். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். நீரும் வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் 2001-இல் வகுத்த விதி.

ஆனால் எல்லா அழுகையையும் சாதாரணம் என்று விட்டுவிடலாகாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், கல்போல் உப்பிய வயிறு, பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், விட்டு விட்டு வீறிட்டு வெளுத்துப் போதல் — இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. அழுகை பொறுக்காமல் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகும். மனம் கொதித்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாத்திக் கிடத்திவிட்டுச் சில நிமிஷம் வெளியே நின்று வருவதே அறிவுடைமை.

முடிவாகத் தகப்பன்மாரை நோக்கி ஒரு சொல். வேலைக்குச் செல்லும் தாய்க்கு நாளில் இருமுறை அரைமணி நேரம் பால் கொடுக்க ஓய்வு வேண்டும் என்று 1919-இலேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் விதித்தது. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு முதல் பிள்ளைப்பேற்று விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது மூன்று மாதத்திற்கு மேல். அழுகை மிகுந்து தணியும் அந்தக் காலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். தகப்பனுக்கும் 7 நாள் விடுமுறை அச்சட்டம் தருகின்றது. இவை போராடிப் பெற்ற நாள்கள். செக்ரோலில் கட்டமுள்ள நாள்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கு அழும் குழந்தையை ஒரு மணி நேரம் தோளில் சுமந்து நடக்க எந்தச் சட்டத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஃபென்ஸ் நாட்டுத் தாய்க்கும், லேஸ் பின்னிய தாய்க்கும், நிரைபிடித்து மரம் வெட்டிய நம் தாய்க்கும் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரமே. அது கிடைக்காத இடத்தில்தான் அபினும் மதுவும் பாதரசமும் நுழைந்தன. இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பும் சகோதரர் ஒவ்வொருவரும், குளித்து உண்டபின் அக்குழந்தையைத் தம் தோளில் வாங்கிக்கொள்வாராக. பிள்ளை பெற்றவள் சிறிது கண்ணயரட்டும்.